எருசலேமில் முதலில் எங்கே போவது: திருக்கல்லறை ஆலயமா, தோட்டக் கல்லறையா?

இறையியல்_மாணவி:
வகுப்போடு எருசலேம் போய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று அங்கே இந்த இரண்டையும் காட்டுகிறார்கள். திருக்கல்லறை ஆலயத்தில் வெகுநேரம் வரிசையில் நின்று, உள்ளே மண்டியிட்டதும் பின்னால் வருபவர்களுக்காக எழ வேண்டியிருந்தது. ஆறு சபைகள் பங்குபோட்டுக்கொண்ட ஆலயம். சாவியும் கதவைத் திறக்கும் பொறுப்பும் இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம். முகப்பில் ஒரு மர ஏணி, யாரும் எடுக்கக் கூடாதென்று தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. மனசு கனத்துப்போனது. பழைய நகர மதிலின் தமஸ்கு வாசலுக்கு வெளியே தோட்டக் கல்லறையில் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. விசுவாசிகள் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

பழங்கல்:
தங்கச்சி, உன் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது 1867-ல் கண்டெடுத்த கல்லறை. 1883-ல் பிரிட்டிஷ் ஜெனரல் கார்டன் பக்கத்துப் பாறையைக் கொல்கொதா, அதாவது இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடம், என்று சொன்ன பிறகுதான் பேர் பெற்றது. தொல்லியலாளர் காபிரியேல் பர்காய் கணிப்பில் அது கி.மு. 8–7ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. இயேசுவை வைத்தது என்று யோவான் நற்செய்தி சொல்வதோ ஒருவரையும் வைக்காத புதுக் கல்லறை!

வழிப்போக்கன்:
இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்கிறது பைபிளின் எபிரெயர் நிருபம். உங்கள் ஆலயம் மதிலுக்குள்ளே அல்லவா இருக்கிறது?

பழங்கல்:
இன்றைய மதில் 16ஆம் நூற்றாண்டில் துருக்கி சுல்தான் சுலைமான் கட்டியது. சிலுவைப்பாட்டின்போது அந்த இடம் ஊருக்கு வெளியே, பழைய கல்குவாரி. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து யூதேயாவின் அரசன் ஏரோது அகிரிப்பா தொடங்கிய மதில்தான் அதை உள்ளே சேர்த்தது. 335-ல் பிரதிஷ்டையான ஆலயத்தையும் தோட்டத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இறையியல்_மாணவி:
அண்ணா, வருடக் கணக்கையெல்லாம் ஏற்கிறேன். தோட்டத்தில் எங்களுக்கு வழிகாட்டியவரும் இதுதான் அந்த இடம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 2008-ல் ஆர்மேனிய, கிரேக்கத் துறவிகள் அந்த ஆலயத்துக்குள்ளேயே கைகலந்தார்களே. அங்கே நின்று மன்னிப்பைப் பற்றி எப்படி ஜெபிப்பேன்?

பழங்கல்:
அது வெட்கக்கேடுதான். ஆனால் அதே சபைகள்தான் 2016-17-ல் சேர்ந்து, ஆலயத்துக்குள் கல்லறைமேல் இருக்கும் மண்டபத்தைப் பழுதுபார்த்தன. சரி, அதே ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஹெலெனா சிற்றாலயத்துக்குப் படி இறங்கினாயா? சுவர் முழுக்க யாத்ரீகர்களின் சின்னச் சின்னச் சிலுவைகள்.

இறையியல்_மாணவி:
இறங்கினேன். ஒரு சிலுவைமேல் விரலை வைத்து அம்மாவுக்காக ஜெபித்தேன். அங்கே யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டது தப்புதான். ஆனாலும் முதல் தடவை போகிறவர்கள் கேட்டால், தோட்டத்துக்குத்தான் முதலில் அனுப்புவேன்.