பள்ளி வானொலியில் தினமும் அதே நேரத்தில் அதே பாட்டு: எங்கே தவறு?

கேள்வி (ஒரு பெற்றோர், இந்தியானா)

வணக்கம். என் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களே நடத்தும் பண்பலை நிலையம் ஒன்று இருக்கிறது. அவள் அதில் இசைப் பொறுப்பாளர்; கணினி தெரிந்தவன் என்பதால் நான் உடனிருந்து உதவுகிறேன். இப்போது கோடை விடுமுறை என்பதால் நேரலை நிகழ்ச்சிகள் இல்லை. ரேடியோடிஜே மென்பொருள்தான் இரவும் பகலும் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒலிபரப்புகிறது.

காலை 7.20 மணி அளவில் பள்ளி வாசலில் காரை நிறுத்தும் நீச்சல் பயிற்சியாளர், தினமும் ஒரே பாட்டைக் கேட்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். பதிவேட்டைப் பார்த்தால் அது உண்மைதான். புதுப்பாட்டுப் பிரிவில் 12 பாட்டுகள் உள்ளன; மணிக்கு இரண்டு இடங்கள் அவற்றுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன; நெடுநேரம் ஒலிக்காத பாட்டை முதலில் எடுக்கும்படி அமைத்திருக்கிறோம். ஏறத்தாழ 400 பாட்டுகள் உள்ள பழைய பாட்டுப் பிரிவில் இந்தத் தொல்லை இல்லை. மேலும், ஒரே பாடகர் 60 நிமிடத்துக்குள் திரும்ப வரக் கூடாது என்று விதி வைத்தும், சில வேளைகளில் அடுத்தடுத்து வந்துவிடுகிறார். பள்ளி திறந்ததும் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தமிழ்ப் பாட்டுகள் போட மகள் விரும்புகிறாள். நிலையம் இணையத்திலும் ஒலிப்பதால், அதற்குத் தனி விதிகள் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (அலைவரிசை)

மென்பொருளில் கோளாறு இல்லை. நீங்கள் சொன்னதை அது பிசகாமல் செய்கிறது. மணிக்கு இரண்டு என்றால் ஒரு நாளைக்கு 48 இடங்கள். 12 பாட்டுகள் வரிசையாகச் சுழன்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று முடிகிறது, 24 மணி நேரத்தில் சரியாக நான்கு சுற்றுகள் மீதியின்றி முடிந்து, மறுநாள் காலை 7.20-க்கு அதே பாட்டு வந்து நிற்கிறது. பிரிவில் 16 அல்லது 24 பாட்டுகள் இருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் இவையும் 48-ஐ மீதியின்றி வகுக்கும்.

ஒரு பாட்டைச் சேர்த்து 13 ஆக்குங்கள். அப்போது சுற்று ஆறரை மணி நேரம் ஆகும். குறிப்பிட்ட நேரத்தில் ஒலித்த பாட்டு அதே நேரத்துக்குத் திரும்பி வர 13 நாள்கள் பிடிக்கும். ஒன்றைக் குறைத்து 11 ஆக்கினாலும் சரியே. இதற்குப் பயந்து தேர்வு முறையைக் குலுக்கலுக்கு மாற்றிவிடாதீர்கள். தனியாக இடைவெளி விதி இல்லாவிட்டால், குலுக்கலில் ஒரு பாட்டு அரை மணியில் திரும்பி வரும், இன்னொன்று இரண்டு நாள் காணாமல் போகும். மணிக்கு எத்தனை இடம் என்பதை மாற்றினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

பதில் 2 (ஒலிக்கூடம்)

பாடகர் இடைவெளிக்குக் கோப்புகளின் விவரக் குறிப்புகளைப் பாருங்கள். கலைஞர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோப்பில் தனிப் பெயரும், மற்றொன்றில் அதே பெயரோடு உடன் பாடியவரின் பெயரும் இருந்தால், மென்பொருள் அவர்களை இரு வேறு கலைஞர்களாக எண்ணிக்கொள்ளும். முதன்மைக் கலைஞரின் பெயரை மட்டும் அங்கே வைத்து, உடன் பாடியவரைத் தலைப்புக்கு நகர்த்துங்கள். தமிழ்த் திரைப்பாட்டுகளில் இந்த வேலை இன்னும் அதிகம். ஒரு கோப்பில் பாடகர், அடுத்ததில் இசையமைப்பாளர், மூன்றாவதில் படத்தின் நாயகன் பெயர் என்று யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

குறிப்புகளைத் திருத்தும்போதே, ஒரே பாட்டின் மூலப் பதிவும் கெட்ட வார்த்தைகள் நீக்கிய பதிவும் இரண்டு கோப்புகளாக உள்ளனவா என்றும் தேடுங்கள். காலை 6 முதல் இரவு 10 மணி வரை ஆபாசமான சொற்களை ஒலிபரப்ப அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தடை விதித்திருக்கிறது. மாணவர் நிலையம் என்பதற்காகச் சலுகை கிடையாது. மூலப் பதிவுகளைச் சுழற்சியிலிருந்தே நீக்கிவிடுவது நல்லது.

பதில் 3 (சியாட்டில்வாசி)

எங்கள் ஊரில் நேதன் ஹேல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து இயங்கும் 89.5 பண்பலை 1971 முதல் ஒலிக்கிறது. நடன இசைக்கென்றே அறியப்பட்ட நிலையம் அது. ஆகவே பள்ளி நிலையம் தனக்கென ஒரு இசை முகம் வைத்துக்கொள்வது நல்லதே, புதுப்பாட்டுப் பட்டியல் சிறிதாக இருப்பதிலும் குற்றமில்லை.

இணைய ஒலிபரப்புக்கு வருகிறேன். சட்டப்படியான பொது உரிமத்தின் கீழ் (ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்காமல், நிர்ணயித்த கட்டணம் செலுத்தி) பாட்டுகளை ஒலிக்கவிட்டால், மூன்று மணி நேரத்துக்குள் ஒரே இசைத் தொகுப்பிலிருந்து (ஆல்பம்) மூன்று பாட்டுகளுக்கு மேல் போகக் கூடாது, அவற்றிலும் இரண்டுக்கு மேல் தொடர்ச்சியாக வரக் கூடாது. ஒரே கலைஞர் என்றால் நான்கு பாட்டுகள், தொடர்ச்சியாக மூன்று. தமிழ்த் திரைப்பாட்டுகளுக்கு ஒரு படம் என்பது ஒரு தொகுப்பு என்பதால், ஒரே படத்தின் எல்லாப் பாட்டுகளையும் வரிசையாகப் போடும் நிகழ்ச்சி இணையத்தில் இந்த வரம்பை மீறிவிடும். விதி பேசுவது பதிவில் முதன்மையாக இடம்பெறும் கலைஞரைப் பற்றி, இசையமைத்தவரைப் பற்றி அல்ல. எனவே பாடகர்களும் படங்களும் மாறி மாறி வந்தால் ஒரே இசையமைப்பாளருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

இன்னொன்று, மாணவர்கள் விடுமுறையில் மிக விரும்பிச் செய்வது: நாளைய பாட்டுப் பட்டியலை இன்றே இன்ஸ்டகிராமில் போடுவது. அந்த உரிமத்தின்படி தலைப்புகளை முன்கூட்டியே வெளியிடக் கூடாது. ஒலித்து முடிந்த பிறகு போடலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 13 ஆக்கியதும் காலை நேரப் பாட்டு மாறிவிட்டது. பெயர்களைத் திருத்தும் வேலையை மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். இன்று ஒரு மாணவன் உள்ளூர் இசைக்குழுவின் பாட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்கிறான். 14 ஆனால் பாதகமுண்டா?

பதில் 1 (அலைவரிசை)

தினசரி கேட்பவருக்குப் பாதகமில்லை. ஆனால் ஏழு நாள்களுக்கு 336 இடங்கள். அதை 14 மீதியின்றி வகுப்பதால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நேரத்தில் அதே பாட்டு வரும். புதியதைச் சேர்க்கும் அன்றே, பட்டியலில் மிகப் பழையதைப் பழைய பாட்டுப் பிரிவுக்கு மாற்றி 13 ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.