ஆன்டிபாடி டிரிப்ஸும் வலிப்பு மாத்திரையும்: எங்கள் வீட்டில் நடந்தவை

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மகளுக்கு வந்திருப்பது தன்னெதிர்ப்பு மூளை அழற்சி என்று கோவையில் கண்டறிந்தபோது அவளுக்கு வயது 19. கிருமிகளை எதிர்க்கவேண்டிய ஆன்டிபாடியை உடல் தன் மூளைக்கு எதிராகவே சுரக்கும் இந்த நோயில், அவளுக்கு வந்த வகையை மருத்துவ உலகம் தெளிவாக வரையறுத்ததே 2007இல்தான் என்பதால், முதலில் பார்த்தவர்கள் மனநோய் என்று சொன்னதை நான் இன்று குற்றமாகக் கருதவில்லை. வலிப்புக்காக ஃபெனிடாயினும் குளோபாசமும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தோம். அவற்றோடு ஐவிஐஜி ஏற்ற வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி அது. கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கில், 50 கிலோ எடை கொண்ட அவளுக்கு 100 கிராமை ஐந்து நாளுக்குப் பிரித்தார்கள். நாளொன்றுக்கு 5 கிராம் புட்டிகள் நான்கு. குலுக்கினால் நுரைத்துவிடும் என்று செவிலியர் ஒவ்வொரு புட்டியையும் உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த மருந்தும் மாத்திரையும் ஒன்றோடொன்று மோதுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். ஆன்டிபாடி ஒரு புரதம் என்றும், உடல் அதை மற்றப் புரதங்களைப் போலவே சிதைத்துக்கொள்ளும் என்றும், ஃபெனிடாயினைக் கரைப்பது கல்லீரல் நொதிகள் என்பதால் இரண்டும் ஒரே பாதையில் சந்திப்பதில்லை என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். ஆனாலும் ஒரு இரத்தப் பரிசோதனையை வற்புறுத்தினார். ஃபெனிடாயின் சிலருக்கு ஐஜிஏ என்ற ஆன்டிபாடியின் அளவைக் குறைத்துவிடுமாம். அது அடியோடு இல்லாதவர்களில் சிலருக்கு ஐவிஐஜி கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால்தான் அந்தப் பரிசோதனை. மகளுக்கு அளவு குறைவாக இருந்தது, ஆனால் இல்லாமல் இல்லை. ஆகவே மிக மெதுவாக ஏற்றத் தொடங்கி, காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்த்துக்கொண்டே ஏற்றினார்கள். இரண்டாம் நாள் கடுமையான தலைவலி வந்தது. ஏற்றும் வேகத்தைக் குறைத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதும் அது தணிந்தது.

எங்கள் பிழை அடுத்த கட்டத்தில் நேர்ந்தது. சில மாதம் கழித்து, நோய் எதிர்ப்புச் செயலை அடக்கும் இன்னொரு ஆன்டிபாடி மருந்தான ரிட்டக்ஸிமாப் ஏற்ற விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பினோம். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டு காலை மாத்திரையைப் பையில் வைத்தோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. மலைப்பாதையின் வளைவுகளில் அவள் வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததால், மேட்டுப்பாளையத்திலும் கொடுக்கத் துணியவில்லை. மருத்துவமனையில் ரிட்டக்ஸிமாபுக்கு முன்பாக பாராசிட்டமாலும், ஒவ்வாமையைத் தடுக்கும் ஏவில் ஊசியும், ஸ்டீராய்டும் போட்டார்கள். பிற்பகலில் அவள் கண் திறக்காமல் கிடந்தாள். அது ஏவிலின் தூக்கமா, குளோபாசத்தோடு சேர்ந்த மயக்கமா, வலிப்பின் பின்களைப்பா என்று எங்களுக்கு மட்டுமல்ல, பணியில் இருந்த இளம் மருத்துவருக்கும் விளங்கவில்லை. ஆன்டிபாடி மாத்திரையோடு மோதும் என்று அஞ்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடுபட்ட ஒரு வேளை மாத்திரையையும் தூக்கம் வரவழைக்கும் ஓர் ஊசியையும் கவனிக்கத் தவறிவிட்டேன்.

குன்னூர், இல்லத்தரசி:

ஐயா எழுதியது என் கணவருக்கு நடந்ததை நினைவூட்டுகிறது. அவர் வால்ப்பரேட் என்ற வலிப்பு மாத்திரை எடுப்பவர். ரிட்டக்ஸிமாப் ஏற்றிய பிறகு நோய் எதிர்ப்புத் திறன் குறைந்திருந்த காலத்தில், மழை மாதத்தில் நிமோனியா வந்து கீழே ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள். மறுநாளே கை வெட்டத் தொடங்கியது, இரவில் முழு வலிப்பும் வந்தது. இரத்தத்தில் வால்ப்பரேட் அளவைச் சரேலென்று கீழே இறக்கிவிடும் குணம் மெரோபெனத்துக்கு உண்டு என்பதும், மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் அதை எளிதில் ஈடுகட்ட முடியாது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மருந்துச்சீட்டு அவர்கள் கையில் இருந்தும் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. ஆன்டிபயாட்டிக்கை மாற்றி, சில நாளுக்கு லெவெடிராசிட்டம் என்ற வேறொரு வலிப்பு மருந்தும் கொடுத்தபின் வலிப்பு நின்றது. 1907இலேயே பாஸ்டர் நிறுவனம் என்ற தடுப்பூசி நிலையம் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு, ஒவ்வொரு டோஸுக்கும் கோவைக்கு இறங்கவேண்டியிருப்பது தனி வருத்தம்.

உதகை, செவிலியர்:

இருவரும் சொன்னவற்றோடு வார்டில் கண்டதைச் சேர்க்கிறேன். ஒரு நோயாளிக்கு ஐவிஐஜி ஏறிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது. அவசரத்தில் ஒருவர் ஃபெனிடாயின் ஊசியை அதே குழாயில் செலுத்தப் போனார், மூத்த செவிலியர் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்தக் குழாயில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இருந்தது. டெக்ஸ்ட்ரோஸில் ஃபெனிடாயின் கலந்தால் வெள்ளைப் படிகங்களாகத் திரிந்துவிடும். தவிர, ஐவிஐஜியோடு வேறு எந்த மருந்தையும் கலக்கக் கூடாது. மறு கையில் தனி ஊசி ஏற்றி, சலைனில் ஃபெனிடாயின் கொடுத்தோம்.

ஐயா, உங்கள் மகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தொடர்கிறது என்றால் இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஃபெனிடாயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய வலிப்பு மருந்துகள் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு உடலிலிருந்து விரைவாக வெளியேறும், நினைத்த பலன் கிடைக்காமல் போகலாம். லெவெடிராசிட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நன்றி அம்மா. பிரெட்னிசலோன் தொடர்கிறது, அடுத்த வாரம் கேட்கிறேன். ஐப்பசியில் மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களை எண்ணி, பதினைந்து நாள் மாத்திரையை இப்போது வீட்டில் முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம். டிரிப்ஸ் நாளன்று காலை மாத்திரையை என் மனைவி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுப்பி, இரண்டு ரொட்டித் துண்டோடு கொடுத்துவிடுகிறாள்.