காபரோனியா, விண்ட்ஹூக்கா? முடிவெடுக்க உதவுங்கள்

போட்ஸ்வானாவின் காபரோனி, நமீபியாவின் விண்ட்ஹூக் ஆகிய இரு நகரங்களிலும் கணக்காளர் வேலை கிடைத்துள்ள நிலையில், பள்ளி செல்லும் பிள்ளைகளோடு எங்கே குடியேறுவது என்று மாத இறுதிக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு, உலக வங்கியின் வருமானப் புள்ளிவிவரங்கள், வீட்டு வாடகை விளம்பரங்கள் எல்லாவற்றையும் அலசிவிட்டேன். போட்ஸ்வானா சற்று முன்னே நிற்கிறது என்றாலும், இரு நாடுகளிலுமே வருமான ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்றாக இருப்பதால், சராசரியை நம்பி வீடு பார்க்க முடியாது. என்னை உறுத்துவது தண்ணீர்தான்: 2015இல் காபரோனி அணை ஏறக்குறைய வறண்டுபோனது, விண்ட்ஹூக்கோ, கேட்கவே கூச்சமாக இருந்தாலும், 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கி வருகிறது. நமீபிய டாலர் தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமமாக வைக்கப்பட்டிருப்பதும் சேமிப்பைக் கணக்கிடும்போது பார்க்க வேண்டியதாகிறது.

குழாய்த் தண்ணீரையும் பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே வாழ்ந்த நீங்கள் எந்த நகரத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்?