வாட்டர் கேன் தம்பியை எங்கள் ஜூலி கடித்துவிட்டாள், சட்டப்படி நான் என்ன செய்யணும்?

மாடிவீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீடு, முதல் மாடி. ஜூலிக்கு நாலு வயது. தெருவில் குட்டியாகக் கிடந்தவளை என் மகன் ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டு வந்தான், அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை கேன் போடும் தம்பி படியேறி வந்தான். படிக்கட்டு கேட்டின் தாழ்ப்பாள் ஒரு மாதமாகவே சரியாக விழாது. வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொன்னேன். நானே ஒரு கயிற்றைப் போட்டுக் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. தோளில் கேனோடு அவன் திரும்பிய நொடியில் ஜூலி கெண்டைக்காலைக் கவ்விவிட்டாள். ரத்தம் வந்தது. குழாயடியில் உட்காரவைத்து, துணி சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். பிறகு என் ஸ்கூட்டியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி. அன்றைக்கு, 3, 7, 28ஆம் நாள் என்று அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை.

இப்போது அவன் முதலாளி 25,000 ரூபாய் கொடு, இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்குப் போவேன் என்கிறார். ஜூலிக்கு வெறிநாய்த் தடுப்பூசி வருடா வருடம் போட்டிருக்கிறேன், புத்தகம் இருக்கிறது. மாநகராட்சி லைசென்ஸ் மட்டும் எடுக்கவில்லை. "நாய் ஜாக்கிரதை" பலகை கேட்டிலேயே மாட்டியிருக்கிறது. அது எனக்கு உதவுமா? இனிமேல் அவளை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் போதுமா?

இன்னொன்றையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். என் மாமனார் ஒரு பூனைக்குச் சோறு போட்டு வளர்க்கிறார். அது பக்கத்து மொட்டை மாடியில் காயும் நெத்திலியைத் தின்றுவிட்டு வருகிறது. அந்த வீட்டு அண்ணன், "அடுத்த தடவை கருவாட்டில் எலி மருந்து கலந்து வைப்பேன்" என்கிறார். பூனைக்கும் நாங்கள்தான் பொறுப்பா?

சும்மா ஒருத்தன்:

இவ்வளவு யோசிப்பானேன். ராத்திரியோடு ராத்திரியாக ஈசிஆர் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. நாயே இல்லைன்னா கேஸும் இல்லை.

ஓய்வு பெற்ற குமாஸ்தா:

மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள் அம்மா. பட்டினி கிடக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11இல் குற்றம். கடித்த கேஸோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு, கடித்த நாயைப் பத்து நாள் கண்ணெதிரே வைத்துக் கவனிக்க வேண்டும். அது நன்றாக இருக்கிறது என்று தெரிவது அந்தப் பையனுக்கே பெரிய நிம்மதி. அதற்காக ஊசியை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. அட்டையில் உள்ள தேதிகளில் அவன் போட்டுக்கொள்ளட்டும்.

வக்கீல் ஆபீசில் முப்பது வருடம் கட்டுத் தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் விஷயத்துக்கு வரக்கூடியது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 291. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்கும்போது, தெரிந்தோ அஜாக்கிரதையாகவோ போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289தான் இப்போது இப்படி எண் மாறியிருக்கிறது. அதில் அபராதம் ஆயிரம்தான். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறினவே, அப்போது உரிமையாளரைக் கைது செய்த வழக்கில் அந்த 289ம் இருந்தது. உங்கள் கதை அந்த அளவு இல்லை. ஜாமீனில் விடக்கூடிய பிரிவுதான், பயந்து நடுங்க வேண்டாம்.

சட்டத்தில் "தன் வசமுள்ள" என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். ஆகவே தாழ்ப்பாள் வீட்டுக்காரருடையது என்ற வாதம் ரொம்ப தூரம் போகாது. பலகையும் அப்படித்தான். "கடிக்கும் என்று தெரிந்துதானே மாட்டினீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதையே தூக்கிக் காட்டலாம்.

25,000 என்பது அந்த முதலாளி வாயில் வந்த தொகை. கடிபட்டவன் அவரில்லை. பையனுக்கு எத்தனை நாள் கூலி போனது, ஆஸ்பத்திரிக்குப் போய்வர என்ன ஆனது என்று அவனிடமே கேட்டு, அவன் கையிலேயே கொடுத்து, தேதி போட்டு ரசீது வாங்குங்கள். "இனி போலீசுக்குப் போகமாட்டேன்" என்று எழுதி வாங்கப் பார்க்காதீர்கள். அந்த மாதிரி எழுத்து கோர்ட்டில் நிற்காது, மிரட்டி வாங்கினதாகவும் திரும்பும்.

லைசென்ஸை நாளைக்கே ஆன்லைனில் போடுங்கள். தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், உங்களிடம் இருக்கிறது. எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் மாநகராட்சி சொன்னது.

நாள் முழுக்கச் சங்கிலியும் வேண்டாம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் அதே பிரிவு 11இல் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 வரை! அந்தக் காலத்தில் எழுதிய தொகை. நாயைப் பட்டினி போட்டாலும் அதே ஐம்பதுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

நாலு பூனை வீடு:

பூனை விஷயம் நான் சொல்கிறேன் அக்கா. 2023இல் வந்த பிராணிகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள்படி வளர்ப்புப் பிராணிக்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை மூன்றும் வளர்ப்பவர் பொறுப்பு. நாய் பூனை பேதமில்லை. "சோறுதான் போடுகிறேன், என் பூனை இல்லை" என்று உங்கள் மாமனார் சொல்வார் பாருங்கள், என் வீட்டிலும் அதே வசனம். வீட்டுக்குள் படுத்துத் தூங்கும் பூனைக்கு அது செல்லாது. பூனை கடித்தாலும் ரேபிஸ் வரும் என்பதால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கடுவனாக இருந்தால் கருத்தடைக்குப் பிறகு ஊர் சுற்றுவது பாதியாவது குறையும், என் இரண்டு கடுவன்களிடம் பார்த்தேன்.

அந்த அண்ணனிடம் யாராவது மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். பிராணிக்கு விஷம் வைத்துக் கொல்வது அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 325இல் ஐந்து வருடம் வரை சிறை. நெத்திலிக்கு ஐந்து வருடம் அதிகம். ஆனாலும் அவர் நஷ்டம் நஷ்டம்தானே, ஒரு கிலோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். கருவாடு காயவைக்கப் பழைய கொசுவலை ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள்.

மாடிவீட்டுக்காரி:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. ஈசிஆர் யோசனை சொன்னவருக்கு மட்டும் இல்லை.

நேற்று சாயங்காலம் அந்தத் தம்பி இருக்கும் அறைக்கே போனேன். ஐந்து நாள் கூலியும், ஊசிக்குப் போய்வர ஆட்டோ காசும் கொடுத்தேன். ரசீதில் கையெழுத்துப் போட்டவன், "நான் ஒண்ணும் கேக்கலையேக்கா, அவர்தான் கேக்கச் சொன்னாரு" என்றான். ஏழாம் நாள் ஊசிக்கு நானே கூட்டிப் போகிறேன். லைசென்ஸுக்கு விண்ணப்பித்தாயிற்று. தாழ்ப்பாளுக்கு வெல்டிங்காரர் 300 ரூபாய் கேட்டார், வீட்டுக்காரரைக் கேட்காமல் போட்டுவிட்டேன். கேனைக் கீழேயே வைத்துவிட்டு மணி அடித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமனார், அது தன் பூனையே இல்லை என்றுதான் இன்னமும் சொல்கிறார். சனிக்கிழமை ஊசிக்குக் கொண்டுபோக மீன் கூடை ஒன்றைக் கழுவிக் காயவைத்திருக்கிறார்.