குறைந்த விலைக் காற்றுத் துப்பாக்கி: வாங்கியதும் சுட்டுப் பார்த்ததும்

தாளில் துளை போட்டு மகிழ்வதற்கு மட்டும் ஒரு காற்றுத் துப்பாக்கி வேண்டும் என்று முடிவு செய்து, விலை குறைந்த வரிசையிலிருந்து ஒன்றை அண்மையில் வாங்கினேன். வேட்டையிலும் போட்டியிலும் எனக்கு நாட்டமில்லை. ஓய்வு நேரத்தில் பத்து மீட்டர் தூரத்தில் ஓர் இலக்குத் தாளை மாட்டி நிதானமாகச் சுட வேண்டும், அவ்வளவுதான். இந்த நோக்கத்தைக் கடைக்குள் நுழையும் முன்பே வகுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் மலிவான துப்பாக்கிகளின் பெட்டிகள் எல்லாம் வேகத்தையே பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கப்படுகின்றன.

பெட்டியின் மேல் விநாடிக்கு 1000 அடி என்று போட்டிருக்கும். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 305. இத்தகைய எண்கள் பெரும்பாலும் ஈயம் கலவாத, மிக இலேசான உலோகக் கலவைப் பெல்லட்டை, அதாவது குழலிலிருந்து பாயும் சிறு குண்டை, வைத்துக் காட்டப்படுபவை. அதே துப்பாக்கியில் 8 கிரெயின் எடையுள்ள, அதாவது அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான, வழக்கமான ஈயப் பெல்லட்டைப் போட்டால் வேகம் நன்றாகவே இறங்கிவிடும். தாளில் சுடுபவருக்கு இதனால் ஓர் இழப்பும் இல்லை. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை நெருங்கும் பெல்லட் காற்றில் தடுமாறுகிறது, சத்தமும் கூடுகிறது. ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ரைஃபிள் பிரிவில் சுடுபவர்களின் துப்பாக்கிகளோ விநாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்திலேயே இயங்குகின்றன, அவர்கள் குறிவைக்கும் பத்தாம் வளையம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வேகம் என்ற எண்ணை என் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன்.

எந்த வகையை எடுப்பது என்பதில் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் வகைக்கு 200 பார் அளவுக்கு அழுத்தம் தரும் பம்போ சிலிண்டரோ தனியாக வேண்டும்; துப்பாக்கி மலிவாகக் கிடைத்தாலும் துணைக் கருவி விலையை ஏற்றிவிடும். கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்குபவை குளிரில் சோர்ந்துபோகும், குப்பியை வாங்கிக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆகவே குழலை மடித்து ஸ்பிரிங்கை இழுத்து வைக்கும் பழைய வகையையே, 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் அளவில் எடுத்தேன். இந்த அளவில்தான் பெல்லட் வகைகள் மிகுதியாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு.

கடையில் சில விஷயங்களை நிதானமாகப் பார்த்தேன். குழலை மூடிய நிலையில் அதன் நுனியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் அந்தத் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில்தான் அடிக்கும். குழல் வாயின் விளிம்பில் கீறலோ பிசிறோ இருக்கக் கூடாது. பெல்லட் நுழையும் இடத்தில் காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையம் வெடிப்பின்றி இருக்க வேண்டும். தோளில் வைத்துப் பார்க்கும்போது கழுத்தை வளைக்காமலேயே கண் குறிக்கு நேராக வர வேண்டும். டிரிகரைச் சோதிப்பதற்காகப் பெல்லட் இல்லாமல் சுட்டுக் காட்டக் கடைக்காரர் முன்வந்தபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டேன், ஏனென்றால் பெல்லட் இல்லாத குழலில் காற்று உடனே வெளியேறிவிடுவதால் ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனுக்கு முன்னால் மெத்தைபோல நிற்கும் அழுத்தம் உருவாகாமல், பிஸ்டன் நேரே உலோகச் சுவரில் போய் மோதிச் சேதமடையும்.

முதல் நாள் சுடும்போது புகையும், எதிர்பாராத அளவுக்கு வெடிச் சத்தமும் வந்தன. இதைக் கண்டு புதிதாக வாங்குபவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. தொழிற்சாலையில் தடவிய எண்ணெயில் ஒரு பகுதி அழுத்த அறையில் தங்கியிருக்கும். பிஸ்டன் காற்றை நொடியில் நசுக்கும்போது எழும் வெப்பத்தில் அது தீப்பற்றி எரிகிறது, டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுவேதான். எண்ணெய் எரிந்து தீரும்வரை வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், அந்தக் காலத்தில் குறியைத் திருத்த முற்படுவது வீண். நானும் தாளைப் பொருட்படுத்தாமல் ஒரு டப்பா பெல்லட்டின் பெரும்பகுதியைச் சுட்டுத் தீர்த்த பிறகே அளந்து பார்க்கத் தொடங்கினேன்.

இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் சுவையாக அமைந்தது பிடிமானம் பற்றிய பாடம்தான். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுகிறது. கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. பிஸ்டன் அறையின் முனையில் அழுந்திய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னோக்கி இழுபடுகிறது. இந்த இரட்டை உதையின் நடுவே, பெல்லட் இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. இறுகப் பிடித்தால் அசைவை அடக்கிவிடலாம் என்று மனம் சொல்லும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்கத்தில் பிடிக்க எந்தக் கையாலும் முடியாது. இறுக்கம் மாறும்போது குழல் அசையும் திசையும் மாறிவிடுகிறது. மணல் மூட்டையின் மேல் நேரடியாக முன்கட்டையை வைத்துச் சுட்டபோது துளைகள் தாள் முழுவதும் பரவின. இடது கையை விரித்து, விரல்கள் எதையும் பற்றாதபடி, உள்ளங்கையின் மேல் துப்பாக்கியை வெறுமனே கிடக்கவிட்டு, தோளிலும் அழுத்தாமல் இலேசாகச் சாய்த்துச் சுட்டபோது, அதே துப்பாக்கியில் ஐந்து துளைகளும் ஒரு சிறிய நாணயத்துக்குள் அடங்கின. உள்ளங்கையை டிரிகருக்கு அருகில் வைப்பதா, கட்டையின் முன்முனையில் வைப்பதா என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். என்னுடையதற்கு டிரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால் வைப்பதே ஒத்துவந்தது. விலையுயர்ந்த துப்பாக்கிகள் பிடிமானக் குறையை ஓரளவு மன்னித்துவிடுகின்றன. மலிவானது மன்னிப்பதில்லை, என் பார்வையில், கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு அது குறையே அல்ல.

அடுத்தது பெல்லட். தட்டை முனை, உருண்டை முனை, கூர் முனை என வெவ்வேறு வகைகளை வாங்கி ஒரே நாளில் சுட்டுப் பார்த்தேன். கூர் முனை பார்வைக்கு வேகமானதுபோலத் தோன்றினாலும் தாளில் அதுவே அதிகம் சிதறியது. தட்டை முனைப் பெல்லட் பத்து மீட்டரில் நெருக்கமாக விழுந்ததோடு, தாளில் வட்டமாக வெட்டியதுபோன்ற தெளிவான துளையையும் விட்டது. போட்டியாளர்கள் இதையே பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மிக மலிவான டப்பாவில் பல பெல்லட்டுகளின் பின்புற விளிம்பு நசுங்கியிருந்தது. அந்த விளிம்புதான் காற்றின் அழுத்தத்தில் விரிந்து குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்கிறது என்பதால், நசுங்கியதைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

டிரிகர் கனமானது, நீண்ட தூரம் இழுக்க வேண்டியது. அதில் ஒரு திருகு இருக்கிறது, ஆனால் அளவுக்கு மீறித் தளர்த்தினால் தொடாமலேயே விடுபட்டுவிடும் அபாயம் உண்டு என்பதால் நான் அதைத் தொடவில்லை. குறி திருத்துவதைப் பொறுத்தவரை, முதலில் துளைகள் ஒரே இடத்தில் கூட வேண்டும், அது நடுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூடிய பிறகு பின் குறியை, பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்தினால் போதும்.

*

மேலே எழுதியவர் ஸ்கோப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய நல்வாய்ப்பு. நான் வாங்கிய துப்பாக்கியோடு நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய ஸ்கோப் ஒன்றும் சேர்த்தே வந்தது. தொடக்கத்தில் இலக்கு பெரிதாகத் தெரிந்த மகிழ்ச்சியில் அதையே பயன்படுத்தினேன். சிறிது காலத்தில் துளைகள் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகரத் தொடங்கின. திருத்தினால் மறுபடியும் நகர்ந்தன. பார்த்தால், ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் தன் பிடிப்பான்களோடு சேர்ந்து, அது மாட்டப்பட்டிருக்கும் துப்பாக்கி மேல்பகுதிப் பள்ளத்தில் பின்னோக்கி நழுவியிருக்கிறது. தடுப்பு ஊசி உள்ள பிடிப்பான் வாங்கி மாட்டியதும் நழுவுவது நின்றது, அதன் பின் ஸ்கோப்புக்குள் இருந்த குறுக்குக் கம்பிகளே இடம் பெயர்ந்துவிட்டன.

இதற்கான காரணத்தைப் பின்னர் புரிந்துகொண்டேன். வெடிமருந்துத் துப்பாக்கி பின்பக்கம் மட்டுமே உதைக்கும், பெரும்பாலான ஸ்கோப்புகள் அந்த உதையைத் தாங்கும்படிதான் அமைக்கப்படுகின்றன. ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கியின் முன்னோக்கிய இழுப்பு அவற்றின் உள்ளுறுப்புகளை எதிர்த் திசையில் பிடுங்குகிறது. ஆகவே எவ்வளவு பெரிய துப்பாக்கிக்கு உரியதென்று சொன்னாலும், ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கிக்கென்றே குறிப்பிடப்பட்ட ஸ்கோப் அல்லாதது நிலைக்காது. இன்னொன்று, பல ஸ்கோப்புகள் நூறு கெஜத்துக்கு ஏற்பக் குவியம் அமைக்கப்பட்டவை. பத்து மீட்டரில் இலக்கு மங்கலாகத் தெரிவதோடு, கண் சற்று விலகினாலே குறியும் விலகுகிறது. நான் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் முன் குறி, பின் குறியோடு சுடுகிறேன். முன் குறியின் முனையைத் தெளிவாகப் பார்த்து, இலக்கைச் சற்று மங்கலாகவே விட்டுவிடும் பழக்கம் கைவர நாளானது, ஆனால் வந்த பிறகு ஸ்கோப்பின் நினைவே எழவில்லை.

*

இருவரும் துப்பாக்கியைப் பற்றி எழுதினீர்கள்; எனக்குப் பெல்லட் போய் விழும் இடத்தைப் பற்றிய அனுபவமே அதிகம். காற்றுத் துப்பாக்கிதானே என்று பலரும் இதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தடையின்றிப் போனால் பெல்லட் சில நூறு மீட்டர் செல்லக்கூடியது, கண்ணைப் பறிக்க அதில் சிறிதளவே போதும். எனவே தாளைத் தேடும் முன் பின்தடுப்பைத் தேடுங்கள்.

நான் முதலில் அட்டைப் பெட்டியில் பழைய செய்தித்தாள்களை அடுக்கிப் பார்த்தேன். ஒரே இடத்தில் தொடர்ந்து சுடும்போது தாள் பிய்ந்து குழியாகி, ஒரு கட்டத்தில் பெல்லட் பின்பக்கம் வெளியே வந்துவிடுகிறது. இப்போது தடித்த மரப்பெட்டியில் பழைய துணிகளை இறுகத் திணித்து, பின்சுவரில் இரும்புத் தகடு ஒன்றை வைத்திருக்கிறேன். துணியில் வேகம் இழந்த பெல்லட் தகட்டைத் தொட்டாலும் அங்கேயே நசுங்கி விழுகிறது. அவ்வப்போது துணியைப் புரட்டிப் போட வேண்டும்.

எஃகு உருண்டைகளை மட்டும் ஒருபோதும் இதில் பயன்படுத்த வேண்டாம். ஈயம் மோதினால் நசுங்கி அடங்கும், எஃகு நசுங்காது. கடினமான பரப்பில் பட்டால் சுட்டவரை நோக்கியே திரும்பி வரும். ஒரு முறை நண்பர் ஒருவர் தன் துப்பாக்கியில் அவற்றைச் சுட்டபோது உருண்டை ஒன்று என் காதருகே சென்றதைக் கேட்டேன். அன்று முதல் கண்ணாடி அணியாத எவரையும், வேடிக்கை பார்ப்பவராகவே இருந்தாலும், அருகில் நிற்க விடுவதில்லை. தவிரவும், வரிப்பள்ளம் உள்ள குழலை எஃகு தேய்த்துக் கெடுத்துவிடும். சுட்டு முடித்ததும் பெட்டியில் சேரும் ஈயத் துகளைக் கையாண்ட கையோடு எதையும் உண்ணாமல், சோப்பிட்டுக் கழுவிவிடுவதும் அவசியம். உங்கள் நாட்டின் உரிமச் சட்டம் எத்தனை ஜூல் (பெல்லட்டின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை அனுமதிக்கிறது, எங்கே சுடலாம் என்பதையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

*

நான் தோள் வலு அதிகம் இல்லாதவள். அதிக ஆற்றல் கொண்ட ஸ்பிரிங் துப்பாக்கியின் குழலை மடிக்க ஏறக்குறைய பதினைந்து கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டியிருந்தது. சிறிது நேரத்திலேயே கை நடுங்கி, குறி கலைந்தது. மாற்றி, ஆற்றல் குறைந்த இலேசான ஒன்றை எடுத்த பிறகே மாலை முழுவதும் சுட முடிகிறது. பெல்லட் வைக்கும்போது மற்றொரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் ஸ்பிரிங் விடுபட்டால் குழல் சாத்திக்கொண்டு விரலை நசுக்கிவிடும். எனக்கு ஓர் ஐயம்: நன்றாகக் கூடிக்கொண்டிருந்த துளைகள் இப்போது காரணமே இல்லாமல் சிதறுகின்றன. ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டதா?

*

அம்மா, ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கும் முன் திருகுகளைப் பாருங்கள். முதலில் எழுதியவன் என்ற முறையில் இதையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். துப்பாக்கியின் உலோகப் பகுதியைக் கட்டையோடு இணைக்கும் திருகுகள், முன்பக்கத்தில் இருபுறமும் டிரிகர் வளையத்திலும் இருப்பவை, அதிர்வினால் தாமாகவே தளர்கின்றன. என்னுடையதில் முன்பக்கத் திருகு ஒன்று விரலாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. இறுக்கியதும் துளைகள் பழையபடி கூடின. மரத்தை நசுக்கிவிடாமல் அளவோடு இறுக்குங்கள், பெல்லட் இல்லாத நிலையில், ஸ்பிரிங் இழுபடாதபோது மட்டும். அடுத்து, பெல்லட் போட்டுக் குழலை மூடிய பின், அடைப்பு வளையம் உள்ள இணைப்பின் மேல்புறம் வெளியே மெல்லிய தாள் துண்டு ஒன்றை வைத்துச் சுட்டுப் பாருங்கள். தாள் படபடத்தால் அங்கே காற்றுக் கசிகிறது, வளையத்தை மாற்றினால் போதும். இவை இரண்டும் சரியாக இருந்து, வேகமும் குறைந்திருப்பதாகத் தோன்றினால்தான் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் அதை நீங்களாகக் கழற்ற வேண்டாம். உள்ளே அது முன்கூட்டியே அழுத்தப்பட்ட நிலையில்தான் பொருத்தப்பட்டிருக்கும், உரிய தாங்கி இல்லாமல் திறந்தால் பாய்ந்து வெளிவரும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.