பஞ்சர் இல்லை, ஆனாலும் ராத்திரியில் காற்று இறங்குகிறது: வால்வு சந்தேகம்

கல்லிடைக்காரன்:
வணக்கம். வீட்டில் இரண்டு சைக்கிள் இருக்கின்றன. ஒன்று அப்பா காலத்து 28 இஞ்ச் பெரிய சைக்கிள், வயலுக்கும் கடைக்கும் இன்னமும் அதுதான். சாயங்காலம் காற்று அடித்து நிறுத்தினால் விடியும்போது பின்சக்கரம் பாதி இறங்கிக் கிடக்கிறது. எங்கள் பக்கம் வரப்போரம் பூராவும் உடைமுள், அதனால் முள்தான் என்று நினைத்துக் கடையில் கொடுத்தோம். டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு ஓட்டை எதுவும் இல்லை என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்கள். திரும்பவும் அதே கதை. டியூபை மாற்ற வேண்டியதுதானா?

இன்னொன்று தம்பி வாங்கிய கியர் சைக்கிள், 700x25 டயர். அதன் வால்வு ஒல்லியாக, நீளமாக இருக்கிறது. எங்கள் தெருவில் இருக்கிற எந்தப் பம்பும் அதில் உட்காரவில்லை. பைக்குக்குக் காற்று அடிக்கிற கடையிலும் முடியாது என்கிறார்கள். அம்பை, சேரன்மாதேவி பக்கம் இந்த மாதிரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பாளை அண்ணாச்சி:
தம்பி, டியூபில் கை வைக்காதீங்க. முதலில் வால்டியூபைப் பாருங்க. அப்பா காலத்து சைக்கிள் என்றால் அதில் இருப்பது டன்லப் வால்வு, அதாவது பித்தளைப் பின் மேல் ஒரு சின்ன ரப்பர் குழாய் (அதுதான் வால்டியூப்) மாட்டியிருக்குமே, அந்த வகை. பின்னின் பக்கவாட்டில் ஒரு பொடி ஓட்டை இருக்கும். பம்பு அடிக்கும்போது காற்று அந்த ஓட்டை வழியாக வந்து ரப்பரை விரித்துக்கொண்டு உள்ளே போகும், அடிப்பதை நிறுத்தியதும் ரப்பர் சுருங்கி ஓட்டையை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நம்ம ஊர் வெயிலில் அந்த ரப்பர் நாளாக நாளாக இறுகிக் கீறல் விடும், இல்லையென்றால் பிசுபிசு என்று ஆகிப் பின்னோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் முக்கும்போது டியூபைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், வால்வு வாயைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்ப்பது அபூர்வம். மெதுவாகக் கசிகிற காற்று ஒரு குமிழி விட்டு அடுத்த குமிழி வருவதற்குள் டியூப் வெளியே வந்துவிடும்.

நீங்களே பார்த்துவிடலாம், சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். காற்றை நன்றாக அடித்துவிட்டு வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள். அப்போது வால்வின் வாய் கீழே பார்த்து இருக்கும். ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் எடுத்துக் கீழிருந்து வால்வு முழுகும்படி பிடியுங்கள். அவசரப்படாமல் கொஞ்ச நேரம் பிடித்தபடி பாருங்கள். குமிழி கிளம்பினால் திருடன் பிடிபட்டான்.

வால்டியூப் மாற்றுவது பெரிய சோலி இல்லை. மேல் நட்டைக் கழற்றிப் பின்னை உருவுங்கள், பழைய ரப்பரை மிச்சம் மீதி இல்லாமல் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரப்பரை எச்சில் தொட்டு ஏற்றுங்கள். எண்ணெய் மட்டும் தொடாதீங்க, எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். ரப்பர் அந்தப் பொடி ஓட்டையைத் தாண்டி, பின் அகலமாகிற இடம் வரைக்கும் ஏற வேண்டும், நட்டை இறுக்கும்போது அந்த இடத்தில்தான் ரப்பர் நசுங்கி அடைக்கும். குட்டையாக வெட்டி மாட்டினால் எத்தனை தடவை மாற்றினாலும் கசியும். பின்னில் இருக்கிற இரண்டு சின்னக் காதும் வால்வின் வெட்டில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு நட்டைப் போடுங்கள்.

பொருநைக் கரை:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. குமிழி வால்வு வாயில் வராமல், வால்வு ரிம்முக்குள் நுழைகிற அடிப்பக்கத்தில் வந்தால் வால்டியூப் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அது வால்வின் அடி கிழிந்த டியூப், மாற்றத்தான் வேண்டும். அப்படிக் கிழிவதற்குப் பெரும்பாலும் காற்றுக் குறைவாக வைத்துப் பாரம் ஏற்றி ஓட்டுவதுதான் காரணம். டயரும் டியூபும் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், வால்வு மட்டும் ஓட்டையில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். வால்வு நேராக இல்லாமல் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் அன்றைக்கே காற்றை முழுக்க இறக்கிவிட்டு, டயரைக் கையால் பிடித்துத் தள்ளி வால்வை நேராக்கிவிட்டு அடியுங்கள். ரிம் நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்குவதும் தப்பு, விரல் இறுக்கம் போதும்.

தம்பி சைக்கிளில் இருப்பது பிரெஸ்டா வால்வு. பைக், கார்களில் வருவது ஷ்ரேடர், அதற்கு 1893இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். நான் திருநெல்வேலியில் பிரெஸ்டாதான் ஓட்டுகிறேன். ஒரு பித்தளை அடாப்டர் வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்துவிட்டால் கவலை விட்டது, எந்த பைக் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். வால்வு மூடியை எடுத்ததும் நுனியில் ஒரு குட்டி நட் தெரியும். அதைத் தளர்த்த வேண்டும், அது முழுசாகக் கழன்று வராது. தளர்த்தியதும் விரலால் ஒரு தடவை அமுக்குங்கள், புஸ்ஸென்று சத்தம் வந்தால் வால்வு ஒட்டாமல் விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அடாப்டரைப் போட்டு அடித்து, எடுத்து, குட்டி நட்டை மறுபடி விரலால் இறுக்குங்கள். பலர் அந்த நட்டைத் தளர்த்தாமலே முட்டி மோதிவிட்டு முடியாது என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த நடுக்கம்பி மெல்லிசு, பம்பைப் பக்கவாட்டில் பிடுங்கினால் வளைந்துவிடும், நேராக இழுக்கணும்.

கம்ப்ரஸரில் அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். 25 டயரில் இடமே கொஞ்சம், கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தாங்கும் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், இந்த மாதிரி மெல்லிய டயருக்கு 80 முதல் 100 பிஎஸ்ஐ வரை வைப்பார்கள்.

திசையன்விளை ரைடர்:
இவ்வளவு தலைவலி எதற்கு? இரண்டு சைக்கிளுக்கும் பைக் வால்வு டியூப் போட்டுவிட்டால் பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாமே.

பொருநைக் கரை:
பெரிய சைக்கிளுக்குத் தாராளமாகப் போடலாம், டன்லப் வால்வு வருகிற ரிம் ஓட்டையில் பைக் வால்வும் உட்காரும். தம்பி சைக்கிளுக்கு ஆகாது. பிரெஸ்டா 6 மில்லிமீட்டர் தடிமன், ரிம் ஓட்டை அதற்கு ஏற்ற மாதிரி சின்னது. பைக் வால்வு 8 மில்லிமீட்டர். அதற்காக ஒல்லி ரிம்மில் டிரில் போட்டு ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள், அந்த இடத்தில் ரிம் பலம் குறையும். அடாப்டர்தான் சரி.

கல்லிடைக்காரன்:
டம்ளர் வைத்துப் பார்த்தேன் அண்ணாச்சி, வாயில்தான் குமிழி வருகிறது, அடியில் இல்லை. பின்னை உருவினால் ரப்பர் பாதி பின்னிலும் பாதி உள்ளேயுமாக அறுந்து வந்தது. புதுசு போட்டாயிற்று. ஒரு சந்தேகம்: கேஜ் வைத்த பம்பில் அடித்தால் 60 காட்டுகிறது, டயரை அமுக்கினால் அவ்வளவு இருக்கிற மாதிரி தெரியவில்லை. பம்பு கோளாறா?

பாளை அண்ணாச்சி:
பம்பு கோளாறு இல்லை தம்பி. டன்லப் வால்வில் உள்ளே இருக்கிற காற்று பம்புக்குத் திரும்பி வராது. ரப்பரை விரிக்கிறதற்கு ஆகிற அழுத்தத்தையும் சேர்த்துத்தான் கேஜ் காட்டும், அதிலும் புது வால்டியூப் என்றால் இன்னும் கூடுதலாகக் காட்டும். இந்த வண்டிக்குக் கட்டை விரல்தான் கேஜ். பாரத்தோடு ஆள் ஏறி உட்காரும்போது பின் டயர் லேசாக மட்டும் பிதுங்கணும். உள்ளே அறுந்து கிடந்த மிச்ச ரப்பரை எடுத்துவிட்டுத்தானே புதுசு போட்டீங்க? துண்டு உள்ளேயே கிடந்தால் பின் சரியாக உட்காராது, மறுபடி கசியும். இன்னொரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.