ஷாமிசென் (ஜப்பானிய மூன்று தந்தி வாத்தியம்): பின்தோல் போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்ற 38,000 யென். கட்டுப்படியாகுமா?

தண்டியும்தந்தியும்:
நாகௌதா (கபுகி நாடகப் பாட்டு) பயிற்சிக்கான பழைய கரின் மரக் கருவி, இருப்பது ஒசாகாவில். ஜூன் மழையில் பின்பக்கத் தோல் ஓரமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. முன்தோலில் கிழிசல் இல்லை. இரண்டு பக்கமும் நாய்த்தோல் போட 38,000 யென் கேட்கிறார்கள். மூன்றாம் தந்தி (பட்டு) வாரம் ஒன்று அறுகிறது, பிரடையும் (தந்தியை முறுக்கும் முளை) நழுவுகிறது. பின்தோலை மட்டும் ஒட்டவோ மாற்றவோ முடியுமா? பயிற்சிக் கட்டணம் போக வருடத்துக்கு எவ்வளவு எடுத்துவைக்கணும்?

ஈரப்பதம்60:
முதல்ல தந்தியைத் தளர்த்தி, குதிரையை (தோல் மேல தந்தியைத் தாங்கற கட்டை) கழற்றிடுங்க. குதிரை நின்னுக்கிட்டே இருந்தா முன்தோலுக்கும் அதே கதிதான். (ஜப்பான்காரங்களும் அதை 'கோமா'ன்னுதான் சொல்றாங்க, குதிரைக்குட்டின்னு அர்த்தம்.)

வீட்டில் ஒட்டவே ஒட்டாதீங்க. தோலை ஈரமாக்கி, ஓரத்தை இடுக்கியால கவ்வி, ஆப்பு வெச்சு இழுத்துத்தான் ஒட்டுவாங்க. காய்ஞ்சதும் மிச்சத்தை வெட்டிடுவாங்க. அதனால பிரிஞ்ச தோலைத் திரும்ப இழுக்கப் பிடியே கிடையாது. ஒட்டினாலும் விறைப்பு வராது, சத்தம் தொப்புன்னு இருக்கும். அசல் பசை ஒட்டரிசி மாவில் செய்றது. ஈரம் பட்டா இளகும். மழைக்காலத்தில் பிரியறது அதனாலதான், அடுத்த தடவை கழற்ற முடியறதும் அதனாலதான். தச்சுப் பசையோ உடனடிப் பசையோ போட்டீங்கன்னா, சுரண்டும்போது பெட்டியோட (தோல் போர்த்தின உடல்) விளிம்பு மரமும் சேர்ந்து வரும்.

செம்மரத்தண்டி:
38,000 அநியாயத் தொகை இல்லை. இரு பக்க நாய்த்தோலுக்கு 30,000 முதல் 40,000 வரை வழக்கம்தான். பூனைத்தோல் என்றால் இன்னும் கூடும். பின்பக்கம் மட்டும் மாற்றலாம், ஆனால் செலவு சரிபாதியாகக் குறையாது. முன்தோலின் நடுவிலும் நான்கு மூலையிலும் விரல்நுனியால் தட்டிப் பாருங்கள். மூலையில் மட்டும் காகிதம்போல் சத்தம் வந்தால் அங்கே பசை விட ஆரம்பித்துவிட்டது. அப்படியென்றால் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஒரே நாளில் போட்ட தோல்கள் பெரும்பாலும் முன்னே பின்னே ஒன்றாகத்தான் போகும்.

பயிற்சிக் கருவிக்கு என் ஓட்டு செயற்கைத் தோலுக்கே. மழையும் சரி, குளிர்கால ஹீட்டரும் சரி, அதை ஒன்றும் செய்யாது. நாதம் கொஞ்சம் வறட்சியாக இருக்கும், மறுக்கவில்லை. முன்பக்கம் நாய்த்தோல், பின்பக்கம் செயற்கை என்று கலந்து போடுகிறவர்களும் உண்டு.

தோலைவிடப் பெரிய செலவு தண்டியில் (விரல் ஓடும் நீண்ட கழுத்து) ஒளிந்திருக்கும், யாரும் பார்ப்பதில்லை. விரல் விழும் இடங்களில் நகமும் தந்தியும் சேர்ந்து குழி பறிக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். குழி ஆழமானால் சுருதி பிசகும். தண்டியைச் சீவி, சாணைக்கல்லில் தேய்த்துச் சமன் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் கனம் குறைவதால், எத்தனை தடவை தேய்க்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. கரின் நம் வேங்கையின் உறவு மரம், சீக்கிரம் தேயும். உயர்ந்த கருவிகளில் வரும் 'கோகி' வேறொன்றுமில்லை, ஆந்திரக் காட்டுச் செம்மரமேதான். கடினமானது, ஆண்டுக்கணக்கில் தாங்கும். 1995-இலிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருப்பதால் புதிய கட்டை கிடைப்பது அரிது. விலை ஏன் அப்படி என்று புரியும்.

ஈரப்பதம்60:
பிரடைக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். கழற்றித் துடைச்சு, சுண்ணக்கட்டித் தூளை லேசாத் தடவி, உள்ளே அழுத்திக்கிட்டே திருகுங்க. புதுத் தந்தியா இருந்தா நாலைஞ்சு தடவை கையால இழுத்துச் சுருதி சேர்த்தாத்தான் நிக்கும். பல சமயம் பிரடை மேல பழி போடுறோம், நழுவறது தந்திதான்.

தந்தி எந்த இடத்தில் அறுது? மீட்டும் பச்சி படற இடமா, குதிரையா, தலைப்பக்கமா?

தண்டியும்தந்தியும்:
குதிரையில்தான். எப்போதும் ஒரே பள்ளம்.

ஈரப்பதம்60:
அப்போ குற்றம் தந்தியோடது இல்லை. பள்ளத்தோட விளிம்பு கூரா இருக்கு. 1000 எண் உப்புத்தாளை மடிச்சு நாலு இழுப்பு, அவ்வளவுதான். ஆழம் கூடக் கூடாது, விளிம்பு மட்டும் மழுங்கினாப் போதும்.

மூன்றாம் தந்தியை நைலான் இல்லேன்னா டெட்ரானுக்கு (பாலியெஸ்டர்) மாத்திடுங்க. ஒண்ணும் ரெண்டும் பட்டாவே இருக்கட்டும். முதல் தந்தியில் வர 'சவாரி' இரைச்சல் (நம்ம தம்புராவில் ஜீவா நூல் தர ரீங்காரம் மாதிரி) பட்டில்தான் அழகா வரும். பட்டுத் தந்தி நைஞ்சா உடனே தூக்கிப் போடாதீங்க. பிரடையில் சுத்தின மிச்சத்தை இறக்கி, நைஞ்ச பகுதி பச்சிக்கு எட்டாதபடி தள்ளிக்கலாம். தலைகீழாத் திருப்பியும் கட்டலாம். ஒரு தந்தி ரெண்டாகும்.

செம்மரத்தண்டி:
வருடக் கணக்கு, உத்தேசமாக: தந்திகள் 6,000 யென். விரல் உறை, குதிரை போன்ற சில்லறை 2,000. தோலை நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் வருடத்துக்கு 9,500. ஆகமொத்தம் 17,500. செயற்கைத் தோல் என்றால் கடைசித் தொகை நன்றாக இறங்கும்.

வாசித்ததும் தோலைத் துடைத்து, பெட்டிக்கு ஜப்பானியக் காகிதப் பை போட்டு மூடி வையுங்கள். ஏசிக்கு நேரெதிரே வேண்டாம். ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் பிரடை, பச்சி, குதிரை மூன்றையும் பாருங்கள். யானைத் தந்தமோ ஆமை ஓடோ இருந்தால் உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது.